கோரிக்கையும் கட்டுப்பாடும் ஒரே தாளில்

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டப் பாட்டாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது முன்வைத்த கோரிக்கைகளை இன்று எடுத்துப் படித்தாலும் நெஞ்சு நிமிர்கிறது. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான படிப்பு வேண்டும், நோய்க்கு மருந்து வேண்டும். வாய்க்கு வந்தபடி ஏசுகிறவர்களை வேலையை விட்டு நீக்குங்கள். எங்கள் பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துங்கள். துரையோ கிராணியோ எதிரே வந்தால் இனி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க மாட்டோம். சங்கம் அமைக்கும் உரிமை வேண்டும். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடுங்கள்.

'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றிய ஆர்.எச்.நாதன் அந்தப் போராட்டத்தின் முகமாக நின்றார். அவரைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். இராணுவம் வந்தது, சுட்டது, உயிர்கள் போயின. போர் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டதால் அந்த ஆண்டின் கதை நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இடம் பிடிக்காமலே போனது. கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே பலருக்கு அது தெரியாது.

அந்தக் கள்ளுக்கடைக் கோரிக்கைக்கே நான் மீண்டும் மீண்டும் திரும்பிப் போகிறேன். கூலி உயர்வை முதலாளியிடம் கேட்கலாம், மரியாதையைத் துரையிடம் கேட்கலாம். கள்ளுக்கடையை மூடு என்பது, மூடினால் என் கையில் கோப்பை இருக்காது என்று தெரிந்தே வைக்கிற கோரிக்கை. கடையை நடத்தியது நிர்வாகம். மாலையில் அங்கே போய் உட்கார்ந்தது நம் தாத்தாக்கள். மாதக் கூலியில் ஒரு பங்கு எந்த வழியில் நிர்வாகத்திடமே திரும்பிப் போகிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். கண்டதும், பிறரிடம் கேட்க வேண்டியதையும் தமக்குத் தாமே போட்டுக்கொள்ள வேண்டிய கட்டுப்பாட்டையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்துக் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்ததும் இதே உணர்வில்தான்.

அந்தத் தாளை நாம் இரண்டாகக் கிழித்துவிட்டோம் என்பதே இன்றைய நம் குறை என்று நினைக்கிறேன். ஒரு பாதியை அரசியல் மேடைகள் எடுத்துக்கொண்டன. அங்கே ஒதுக்கீடு, மானியம், உரிமை, வஞ்சிக்கப்பட்ட கதை. மறு பாதியைத் தன்முனைப்புப் பேச்சாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். அங்கே நீ மாறு, காலையில் எழு, சேமி, வெற்றி உன் கையில். முதல் மேடையில் நம் பொறுப்பு பேச்சில் வருவதில்லை; இரண்டாவது மேடையில் அரசின் பொறுப்பும் முதலாளியின் பொறுப்பும் காணாமல் போய்விடுகின்றன. இரண்டு மேடைக்கும் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறோம். வீட்டு முன்னால் அடைத்துக்கொண்ட லோங்காங் அப்படியே இருக்கிறது.

பண்டமாரானை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். கிள்ளான் நகருக்கும் துறைமுகத்துக்கும் நடுவில், அவசரகாலத்தில் புதுக்கிராமமாக எழுந்த ஊர் இது. சீனர்கள் அதிகம், மலாய்க்காரர்களும் தமிழர்களும் சுற்றிலும் கலந்து வாழ்கிறோம். தோட்டங்கள் தாமான்களாக மாறியபோது இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல இந்தப் பக்கம் வந்தன. இன்று கொந்தேனா லாரி ஓட்டுகிறோம், கிடங்கில் வேலை செய்கிறோம், தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கிறோம், கிராப் ஓட்டுகிறோம், பாசார் மாலாமில் கடை போடுகிறோம். உழைப்பில் குறையில்லை. உழைப்பு எங்கே சேர்கிறது, எங்கே கசிகிறது என்பதுதான் பேசப்பட வேண்டியது.

நம்மவர்கள் சேர்த்துக் காட்டிய கதை ஒன்று உண்டு. சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். தோட்டத் துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே அன்றைய குடும்பங்களுக்கு வயிற்றைக் கலக்கும். வேலையும் வீடும் பள்ளியும் கோயிலும் ஒரே நாளில் அந்நியமாகிவிடும். 1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்தவர், தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டாளிகளிடம் மாதம் பத்து வெள்ளி கேட்டார். பால்மரம் வெட்டிய கைகள் அந்தப் பத்து வெள்ளியை எடுத்துக் கொடுத்தன. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அடுத்தடுத்துப் பல தோட்டங்கள் வந்து சேர்ந்தன. நேற்றுவரை கூலியாக நின்றவர் அதே மண்ணில் பங்குதாரராக நின்றார். கோலாலம்பூரில் இன்றும் நிற்கும் விஸ்மா துன் சம்பந்தன் அந்தப் பத்துப் பத்து வெள்ளிகளின் கட்டடம்.

அந்த முயற்சி ஏன் நிலைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். தொகை சிறியது, ஆனால் விடாமல் வந்தது. வாங்கிய சொத்து கண்ணுக்குத் தெரிந்தது. மரத்தைத் தொட்டுப் பார்க்க முடிந்தது. கேட்க வந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினார். 1982-இல் ம.இ.கா.வின் முதலீட்டு நிறுவனமான மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கியபோது அதே நம்பிக்கையோடுதான் நம் மக்கள் பணம் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய குடும்பங்கள் உண்டு. திரண்டது பத்துக் கோடி ரிங்கிட்டுக்கும் மேல். 2010-இல் அந்தப் பங்குகளை வேறொரு நிறுவனம் வாங்கிக்கொள்ள முன்வந்தபோது ஒரு வெள்ளிப் பங்குக்குக் கிடைத்த விலை 80 காசு. இருபத்தெட்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு போட்ட முதலே முழுதாகத் திரும்பவில்லை. யார் பொறுப்பு என்ற வாதத்தை இங்கே கிளற விரும்பவில்லை. அதற்கு வேறு இடம் இருக்கிறது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. பணம் போடும்போது திரளாகப் போன நாம், ஆண்டுக் கணக்கறிக்கையைப் படிப்பதற்கும் திரளாகப் போக வேண்டியிருந்தது. தலைவரை நம்புவது என்பதற்குக் கணக்குக் கேட்காமல் இருப்பது என்று நாம் பொருள் கொண்டோம். இன்றும் பல சங்கங்களில், கோயில்களில் அப்படித்தான் பொருள் கொள்கிறோம்.

இன்றைய பத்து வெள்ளி எது? என் கணக்கில் அது ஊழியர் சேமநிதி. 1951-இல் தொடங்கிய இந்த நிதிதான் பெரும்பாலான நம் குடும்பங்களுக்கு இருக்கிற ஒரே முதுமைச் சொத்து. பெருந்தொற்றுக் காலத்தில் நான்கு சிறப்புத் திட்டங்களின் கீழ் நாடு முழுவதும் எண்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் எடுத்த தொகை ஏறக்குறைய 145 பில்லியன் ரிங்கிட். பசி வந்த நேரத்தில் எடுத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எடுத்த பள்ளத்தை நிரப்பும் பேச்சு எந்த மேடையிலும் எழவில்லை என்பதுதான் வருத்தம்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் வாங்கும் தொழிலாளிக்கு மாதம் 11 விழுக்காடு பிடிக்கிறார்கள். ஏறக்குறைய 187 ரிங்கிட். முதலாளி 13 விழுக்காடு போட வேண்டும். ஏறக்குறைய 221 ரிங்கிட். மாதம் 400 ரிங்கிட்டுக்கு மேல் அவர் பெயரில் சேர்கிறது, அதன்மேல் ஆண்டு ஈவும் வருகிறது. "பிடித்தம் வேண்டாம், கையில் முழுசாக் குடுத்திடுங்க" என்று கேட்கும் தொழிலாளி, 187-ஐக் கையில் வாங்கிக்கொண்டு 221-ஐ முதலாளியின் பைக்கே விட்டுக் கொடுக்கிறார். ஆண்டுக்கு 2,600 ரிங்கிட்டுக்கு மேல். அப்படி ஒரு பேரத்துக்கு ஒத்துக்கொள்ளும் முதலாளிகளில் நம்மவர்களும் உண்டு. லாரி நிறுவனம், சாப்பாட்டுக் கடை, துணிக்கடை என்று கிள்ளானில் நம் ஆட்கள் நடத்தும் தொழில்கள் எத்தனையோ. கோயில் திருவிழாவுக்கு அள்ளிக் கொடுக்கும் முதலாளி தன் கடைப் பையனின் சேமநிதியையும் சொக்சோவையும் ஒழுங்காகக் கட்டவில்லை என்றால், அந்த நன்கொடைப் பலகையில் அவர் பெயரைப் பார்க்க எனக்குக் கசப்பாகவே இருக்கிறது.

சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு, கிராப் ஓட்டுகிறவர்களுக்கு, வீட்டிலிருந்தே பலகாரம் சுட்டு விற்கும் பெண்களுக்கு ஐ-சாரான் திட்டம் இருக்கிறது. 2025 முதல், அவர்கள் சேமநிதியில் தாமாகப் போடும் தொகைக்கு அரசாங்கம் 20 விழுக்காடு சேர்த்துத் தருகிறது. ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை. முழுத் தொகையும் கிடைக்க ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் போட்டால் போதும். மாதத்துக்கு 210 ரிங்கிட்டுக்கும் குறைவு. முடியாதவர் ஐம்பது போட்டாலும் அதற்கேற்ற பங்கு வரும். இது சலுகை கேட்டுக் கெஞ்சி வாங்குவதல்ல, திட்டப்படி ஒதுக்கி வைத்திருக்கும் பணம். நம் பெண்களில் எத்தனை பேரிடம் யாராவது உட்கார்ந்து இதை விளக்கியிருக்கிறோம்?

கூட்டுப் பிடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்துப் பேர் மாதம் நூறு போட்டு ஆளுக்கொரு மாதம் ஆயிரம் எடுக்கும் பழக்கம் நம் தாய்மார்களின் வங்கி. கோலாலம்பூரில் கோத்தா ராயா வளாகத்தைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமை கூடும் பிலிப்பைன்ஸ் பெண்களுக்கும் இதே பழக்கம் உண்டு, பலுவாகன் என்பார்கள். ஊர் விட்டு ஊர் வந்து உழைக்கும் எளியவர்கள் எல்லா இடத்திலும் ஒருவரையொருவர் நம்பித்தான் முதல் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த நம்பிக்கையைத் தொழிலாக்கி, முகம் தெரியாத நூறு பேரிடம் வாட்ஸ்அப்பில் வசூலித்துவிட்டு மறைகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கூட்டு நிதியைத் தொழிலாக நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஏமாந்தவர் போலீசுக்குப் போகவும் தயங்குகிறார். அக்கம்பக்கத்துச் சிறு வட்டத்தைத் தாண்டிய சேமிப்புக்குப் பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கம்தான் வழி. இந்த நாட்டில் 1922 முதல் சிக்கன நாணயச் சங்கங்கள் இயங்கி வருகின்றன. அஞ்சல் ஊழியர்கள்தான் முதலில் தொடங்கினார்கள். வழி புதிதல்ல, நாம் அதில் நடப்பதை விட்டுவிட்டோம்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தெங்கு கிளானா சாலையில் நடக்கவே இடம் இருக்காது. அந்த வெளிச்சம் எனக்கும் பிடிக்கும். அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் ஆலோங்கிடம் வாங்கிய கடன் இருந்தால், ஜனவரியில் பள்ளி திறக்கும் செலவுக்கு மீண்டும் அவரிடமே போக வேண்டியிருக்கும். மாதம் பத்து வட்டிக்கு ஐயாயிரம் வாங்கினால், ஆண்டில் வட்டி மட்டும் ஆறாயிரம். அசல் அசையாமல் அங்கேயே நிற்கும். உரிமம் பெற்ற கடன் நிறுவனம் அடைமானம் இல்லாத கடனுக்குச் சட்டப்படி ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்க முடியாது. வங்கிக் கடன், கடன் அட்டை என்று சிக்கிக்கொண்டவர்களுக்கு, பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே. கட்டணம் வாங்காமல் ஆலோசனை சொல்லி, தவணையை மாற்றி அமைத்துத் தருகிறது. அங்கே போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆலோங்கின் ஆட்கள் வாசல் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றிய பிறகு தெருவே பார்த்து நிற்பதுதான் கொடுமை. அந்த நாளில் கதவைச் சாத்திக்கொள்ளும் அண்டை வீட்டாராக நாம் இருக்கக் கூடாது.

இனி தெரு. இந்த மண்ணில் பொதுச் சுகாதாரத்துக்குப் பெரிய வரலாறு உண்டு. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்த சில வாரங்களிலேயே மலேரியாவால் மூட வேண்டிய நிலை வந்தது. கிள்ளானிலும் சாவு மேல் சாவு. கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி இருப்பதை ரொனால்ட் ரோஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் அந்தக் கண்டுபிடிப்பைக் கையில் எடுத்தார். சதுப்பைத் தூர்த்து, வடிகால் வெட்டி, காட்டை அழித்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் நகரையும் துறைமுகத்தையும் மலேரியாவின் பிடியிலிருந்து பெருமளவு மீட்டார். உலகமே திரும்பிப் பார்த்த வேலை அது. நாம் இன்று லாரி ஓட்டிப் போகும் சாலைகளுக்கு அடியில் அந்த மண் இருக்கிறது.

இப்போது நம்மை வாட்டுவது டெங்கி. 2023-இல் மட்டும் நாட்டில் 1,23,000 பேருக்கு மேல் கண்டது. 100 பேர் இறந்தார்கள். சிலாங்கூர்தான் ஆண்டுதோறும் முன்னால் நிற்கிறது. மலேரியாக் கொசு அன்று சதுப்பிலே வளர்ந்தது. சதுப்பை அரசாங்கம் தூர்க்கலாம். ஏடிஸ் கொசு நம் பூத்தொட்டித் தட்டிலும், கூரைத் தகரக் குழாயிலும், பின்கட்டில் கிடக்கும் பழைய டயரிலும், குளிர்பெட்டிக்கு அடியில் உள்ள தட்டிலும் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். எந்த மாநகர மன்றமும் ஒவ்வொரு வீட்டுப் பின்கட்டுக்கும் வாரம் ஒரு முறை வர முடியாது. வாரத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள் என்று சுகாதார அமைச்சு கேட்கிறது. அந்தப் பத்து நிமிடத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் கொசு வளர விட்டால் 500 ரிங்கிட் அபராதம் விதிக்கலாம் என்பது சட்டம். அபராதத்துக்குப் பயந்து செய்வதைவிட, அடுத்த வீட்டுக் குழந்தையின் காய்ச்சலுக்குப் பயந்து செய்யலாம்.

அதே சமயம் கிழிந்த தாளின் மறு பாதியையும் விடக் கூடாது. பொது வடிகாலைத் தூர்வாருவது மன்றத்தின் வேலை. 2024 பிப்ரவரியில் கிள்ளான் அரச மாநகரமாக உயர்ந்தது. பெயர்ப்பலகை மாறியதோடு சேவையும் உயர வேண்டும் என்று கேட்க வீட்டு வரி கட்டுகிற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. 1965-இல் நிறுத்தி வைத்த உள்ளாட்சித் தேர்தல், 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தோடு இல்லாமலே போனது. உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. தேர்தல் திரும்ப வர வேண்டும் என்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் அது வரும்வரை கைகட்டி இருக்கத் தேவையில்லை. அதே சட்டப்படி மன்றத்தின் கூட்டங்கள், தனியே தீர்மானம் போட்டு மூடினால் ஒழிய, பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தவை. போய் உட்காரலாம். பண்டமாரானுக்குப் பொறுப்பான உறுப்பினர் எதைப் பேசினார், எதைப் பேசவில்லை என்று பார்க்கலாம். எத்தனை பேர் போகிறோம்?

இதைத் தமிழர்கள் மட்டும் தனியே செய்யவும் முடியாது. கொசு அடையாள அட்டை பார்த்துக் கடிப்பதில்லை. லோங்காங் நீர் சீனர் கடை வாசலிலிருந்து மலாய்க்காரர் வீட்டு வாசல் வழியாக நம் வாசலுக்கு வருகிறது. 2021 ஜூலையில் உதவி கேட்டு வெள்ளைக்கொடி ஏற்றிய வீடுகளுக்கு அரிசியும் முட்டையும் கொண்டு போனவர்கள் இனம் கேட்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியபோது படகோடு இறங்கியவர்களும் கேட்கவில்லை. ஆபத்து நேரத்தில் இப்படி ஒன்று சேரும் நாம், சாதாரண வாரங்களில் தனித்தனிச் சங்கங்களாகப் பிரிந்துவிடுகிறோம். 1975 முதல் இருக்கும் ருக்குன் தெத்தாங்காவில் நம்மவர்கள் பதவிக்கு நிற்பதும் குறைவு, கோத்தோங் ரோயோங்குக்கு மண்வெட்டியோடு வருவதும் குறைவு. ஷிப்டு வேலையும் இரண்டாவது வேலையும் காரணம் என்பதை அறிவேன். குடும்பத்துக்கு ஒருவர், மாதத்தில் ஒரு ஞாயிறு காலை என்று முறை வைத்துக்கொண்டால் யார் தலையிலும் சுமை ஏறாது.

தொடங்குவதற்கு நமக்குப் புதுக் கட்டடமோ புது இயக்கமோ வேண்டாம். கோயில் இருக்கிறது, தமிழ்ப்பள்ளி இருக்கிறது. நாட்டிலேயே மிகப் பெரிய தமிழ்ப்பள்ளியான சிம்பாங் லீமா கிள்ளானில்தான் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் பள்ளிக்கென்று கூடாத தமிழ்க் குடும்பம் அரிது. பதிவு பெற்ற ஒவ்வொரு கோயிலும் சங்கமும் ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளில் கணக்கறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும் என்று 1966-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பதிவிலாகாவுக்கு அனுப்பும் அதே கணக்கைக் கோயில் அறிவிப்புப் பலகையிலும் தமிழில் ஒட்டுங்கள் என்று நிர்வாகத்தினரிடம் கேட்போம். நல்ல நிர்வாகத்துக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை. கேட்கிறவரை எதிரியாகப் பார்க்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்.

வரும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும், கோயில் ஆண்டுக் கூட்டத்திலும் வாசலில் ஒரு மேசை போடச் சொல்வோம். கைப்பேசியில் ஐ-சாரான் பதிவு செய்து தரத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் அங்கே உட்காரட்டும். சம்பளச் சீட்டில் பிடித்த சேமநிதி உண்மையிலேயே கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு உதவட்டும்; ஏறாதவர்களின் புகாரை எழுதிக் கொடுக்கட்டும். மேசையின் மறுபுறம் அந்தத் தெருவின் அடைத்த வடிகால்கள், எரியாத தெருவிளக்குகள், குப்பை எடுக்கப்படாத இடங்கள் ஆகியவற்றைக் குறித்து, வந்தவர்களின் கையெழுத்தோடு மன்றத்துக்கு அனுப்பும் படிவம் இருக்கட்டும். அந்தப் படிவத்திலேயே, கையெழுத்திடுகிறவர் எந்த ஞாயிறு மண்வெட்டியோடு வருவார் என்று எழுதவும் ஒரு கட்டம் வேண்டும்.